மூச்சுக்குழல் காத்திராது: கொள்ளைநோய்க் காலச் சிகிச்சை பற்றி ஒரு கருத்து

கொள்ளைநோய் ஒன்று நாட்டில் பரவத் தொடங்கியதும் மருத்துவத் துறை முதலில் கைக்கொள்ளும் விதி, ஒத்திவைக்கக் கூடியவற்றையெல்லாம் ஒத்திவைத்தல் என்பதாகும். 2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கோவிட்-19 நோயை உலகளாவிய கொள்ளைநோய் என்று குறிப்பிட்ட பின்னர், இந்தியாவிலும் பிற நாடுகளிலும் இவ்விதியே அமலுக்கு வந்தது. கண்புரை அறுவையும் குடலிறக்க அறுவையும் மூட்டு அறுவையும் மாதக் கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. படுக்கைகளும் பிராணவாயுவும் பணியாளரும் வேறிடத்தில் தேவைப்பட்ட காலத்தில் அவ்விதி நியாயமானதே. ஆயினும் எந்த விதிக்கும் ஓர் எல்லையுண்டு. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் காயமுற்றவர் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பவர்.

இக்காயங்கள் இருவகைப்படும். கயிறு, நூல், துணி, வாகனம், கத்தி முதலியவற்றால் வெளியிலிருந்து நேர்வன ஒரு வகை. உயிரைக் காப்பதற்காக மருத்துவரே உள்ளே செலுத்திய குழலினால் உண்டாவன மற்றொரு வகை. முதல் வகையினருக்குப் பரிசோதனை முடிவு வரும் வரை சிகிச்சையைத் தாமதித்தல் தவறு. ஒவ்வொருவரையும் தொற்றுடையவராகவே கருதிக் கவசம் அணிந்து, உடனே சிகிச்சை செய்வதே முறை. இரண்டாம் வகையினர் தாமாக மருத்துவமனைக்குத் திரும்பி வருவதில்லை. வந்தாலும் வேறு நோயின் பெயரில் சிகிச்சை பெற்றுச் செல்கின்றனர். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வல்லவர் கிராம சுகாதார ஊழியரும் ஆசிரியருமேயன்றி வேறெவருமிலர். கோவிட்-19 தொடர்பான சர்வதேச நெருக்கடி நிலை 2023 மே 5-ஆம் தேதி முடிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அடுத்த கொள்ளைநோய் வந்த பிறகு இவ்விஷயத்தைச் சிந்திக்கத் தொடங்குவதில் பயனில்லை.

மூச்சுக்குழலுக்கு ஏன் இந்தத் தனிச் சலுகை என்று கேட்கலாம். விடை அதன் அளவிலேயே இருக்கிறது. வயது வந்தவரின் மூச்சுக்குழல் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமே உடையது. அகலம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். பின்புறம் திறந்த குதிரை லாடம் போன்ற 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்கி நிற்கின்றன. குரல்வளையின் அடியிலுள்ள கிரிக்காய்டு என்னும் வளையம் மட்டுமே முழு வட்டமாக அமைந்தது. முழு வட்டமாதலின் அது உறுதி வாய்ந்தது. அதே காரணத்தால், உள்ளே வீக்கம் கண்டால் விரிந்து கொடுக்க இயலாதது. இதனுடன் பௌதிக விதி ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. சீராக ஓடும் காற்றுக்கு ஒரு குழல் காட்டும் தடை, அதன் ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. அகலம் பாதியானால் தடை இரு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழந்தையின் மூச்சுவழியில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீக்கம் கண்டால் நேர்வது இதுவே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். சர்பத் கடைகளில் தரும் உறிஞ்சுகுழல் ஒன்றை வாயில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, அதன் வழியே மட்டும் அரை நிமிடம் மூச்சுவிடச் செய்தால் போதும். அமர்ந்திருக்கையில் ஓரளவு சமாளிக்கலாம். நாலடி வேகமாக நடந்தால் குழலைத் துப்பிவிடத் தோன்றும். மூச்சுக்குழல் குறுகி 5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்ட நோயாளிக்கு அவ்வாறு துப்பிவிட வழியில்லை. (ஆஸ்துமா உள்ள மாணவர்களை இச்சோதனையில் ஈடுபடுத்தலாகாது.)

கொள்ளைநோய்களுக்கும் மூச்சுக்குழல் அறுவைக்கும் உள்ள உறவு புதியதன்று. கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைக்கும் முறை பண்டைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்ததெனினும், அதனைச் சாதாரண மருத்துவரின் கைக்குக் கொண்டுவந்தது தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோயே. பிரான்ஸ் தேசத்தில் பிரெதோனோ 1825-ஆம் ஆண்டு மூச்சுத் திணறிய ஒரு சிறுமியை இவ்வறுவையால் காப்பாற்றினார். அவருடைய மாணவர் துரூசோ அதனைப் பரப்பினார். 1880-களில் நியூயார்க்கின் ஜோசப் ஓடுவையர், அறுவையே இன்றி வாய்வழியாகக் குரல்வளைக்குள் சிறு குழல் செலுத்தும் முறையை உருவாக்கினார். மூச்சடைத்து இறக்கும் குழந்தைகளை நாள்தோறும் கண்ட மருத்துவர்களுக்கு, ஒத்திவைத்தல் என்பது ஒரு வழியாகவே தோன்றவில்லை.

அடுத்த பெரும் பாடம் கோபன்ஹேகன் நகரில் கிடைத்தது. 1952-இல் அங்கே இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியபோது பிளெக்டாம் மருத்துவமனையில், பழைய சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 நோயாளிகளில் 27 பேர் இறந்தனர். மயக்க மருந்து வல்லுநரான பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டு, காற்றுப் பட்டையுடைய குழலைச் செலுத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சு ஊட்டலாமென யோசனை கூறினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அப்பைகளை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் யாவும் அந்த வார்டின் வழித்தோன்றல்களே. அம்மாணவர்களுக்கு இளம்பிள்ளை வாதம் தொற்றும் அபாயம் இல்லாமலில்லை. அபாயத்தை அறிந்தும் பணி நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இனி வெளிக்காயங்களைப் பார்ப்போம். இந்தியாவில் இவற்றின் காரணங்கள் மேலைநாட்டு நூல்களில் காண்பனவற்றினின்றும் பெரிதும் வேறுபட்டவை. பஞ்சாப், ஹரியானா முதலிய இடங்களில் கதிரடிக்கும் இயந்திரத்திலும், நகரங்களில் மோட்டார் சைக்கிள் சக்கரத்திலும் துப்பட்டா சிக்கிக் கழுத்தை இறுக்குதல், இந்திய மருத்துவ ஏடுகளில் பல்லாண்டுகளாக எழுதப்பட்டுவரும் விபத்தாகும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி டில்லியிலும், மகர சங்கராந்தியன்று அகமதாபாத்திலும் காற்றாடி நூல், இரு சக்கர வாகனத்தில் செல்வோரின் கழுத்தை அறுக்கிறது. நைலான் முதலிய செயற்கை நூல்களாலான மாஞ்சாவை 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடை செய்தது. தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது. தூக்கிட்டுக்கொள்ள முயன்று பிழைத்தவர், கழுத்தை அறுத்துக்கொண்டவர், வேலிக் கம்பியில் மோதியவர், மாடு முட்டியவர் என்று பட்டியல் நீளுகிறது. ஊரடங்கினால் சாலை விபத்துக்கள் குறையலாம். வீட்டிலும் வயலிலும் நேரும் இவ்விபத்துக்கள் ஊரடங்கை அறியா.

வெளியே சிறு கீறலும் உள்ளே பெரும் சிதைவும் இருத்தல் கழுத்துக் காயத்தின் இயல்பு. கயிறு அல்லது துணி இறுக்கியவருக்குத் தோலில் ஒரு சிவந்த கோடு மட்டுமே தென்படக்கூடும். உள்ளே குரல்வளைக் குருத்தெலும்பு முறிந்தோ, மூச்சுக்குழல் குரல்வளையினின்று முற்றும் பிரிந்தோ இருக்கலாம். அவ்வாறு பிரிந்த பின்னும், சூழ்ந்துள்ள தசைகளின் பிடிப்பினால் மட்டும் காற்றுவழி திறந்திருக்க, அவர் சிறிது நேரம் பேசிக்கொண்டும் இருக்கலாம். இந்த நிலையில் ஏமாந்துபோகாதிருக்கச் சில அறிகுறிகளை ஊழியர் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் நலம். குரல் கம்முதல் அல்லது மறைதல், எச்சில் விழுங்குகையில் வலி, இருமலில் இரத்தம், மூச்சை உள்ளிழுக்கையில் கரகரப்பொலி ஆகியவை அவ்வறிகுறிகள். எல்லாவற்றிலும் நம்பத்தக்கது ஒன்றுண்டு: கழுத்துத் தோலை விரலால் மெல்ல அழுத்தினால் நறநறவென்று உணர்தல். காற்றுக் குழலிலிருந்து கசிந்து தோலுக்கடியில் புகுந்துவிட்டதென்பது அதன் பொருள். இந்த அறிகுறியை அறிய எந்தக் கருவியும் வேண்டுவதில்லை.

இத்தகையவரைப் படுக்கவைக்க வற்புறுத்தலாகாது. உட்கார்ந்து முன்புறம் சாய்ந்திருக்க அவர் விரும்பினால் அவ்வாறே விடுதல் வேண்டும். தூக்கிட்டுக்கொண்டவராயின் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாமாதலின் தலையை அசையாது பிடித்துக்கொள்ளுதல் அவசியம். வாய்வழியே தண்ணீர், காப்பி எதுவும் கூடாது. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் நேரே அழுத்திப் பிடிக்கலாம். கழுத்தைச் சுற்றிக் கட்டுப் போடுதல் கூடவே கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கலாகாது. தொற்றுக் காலமாயின், மூச்சுக்குத் தவிப்பவரின் முகத்தில் கவசத்தை இறுக்குவதை விடுத்து, ஊழியர் தாம் என்-95 கவசமும் கண் காப்பும் அணிந்துகொள்வதே முறை. சிதைந்த குரல்வளையை ஒரு நாளுக்குள், மிஞ்சினால் இரண்டு நாட்களுக்குள், சீர்செய்வோருக்கே குரல் நன்கு திரும்புகிறதென்பது அறுவை வல்லுநர்களின் பொதுக் கருத்து. ஆகவே அருகிலுள்ள சிறு மருத்துவமனையில் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலையுண்டு.

2020-இல் எழுந்த இக்கட்டு இங்கேதான். முறிந்த குரல்வளையுள் வாய்வழியே குழலைச் செலுத்த முயன்றால் குழல் தவறான இடத்தில் புகுந்து, இருக்கும் சிறு வழியும் அடைபடக்கூடும். ஆதலின் நோயாளி விழித்திருக்கையிலேயே, கழுத்தில் மரப்பு மருந்து ஊசி போட்டு, மூச்சுக்குழலைத் திறப்பது நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்ட முறை. விழித்திருப்பவர் இருமுவார். குழல் திறக்கும் அக்கணத்தில் எழும் இருமல், அறுவை செய்பவரின் முகத்தை நோக்கியே வரும். கோவிட்-19 நோயாளிகளுக்கென வகுக்கப்பட்ட நெறிகளோ இதற்கு நேர்மாறானவை. நோயாளியை முழு மயக்கத்திலாழ்த்தித் தசைகளைத் தளர்த்தி, இருமலே எழாதவாறு செய்து, குழலைத் திறக்குமுன் செயற்கைச் சுவாசத்தையும் நிறுத்திவிட வேண்டுமென அவை கூறின. தொண்டைக்கு நன்மையானது பணியாளருக்கு அபாயமாயிற்று. பணியாளருக்கு நன்மையானது தொண்டைக்கு அபாயமாயிற்று.

இவ்விரண்டிடையே பலர் கண்ட மூன்றாவது வழி, பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருத்தல். ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு அக்காலத்தில் சில இடங்களில் பல மணி நேரத்திலும், சில இடங்களில் ஒரு நாள் கழிந்தும் வந்தது. இது பாதுகாப்பான நடுவழி போலத் தோன்றினும், உண்மையில் முடிவெடுப்பதை நோயாளியின் வீக்கத்திடம் ஒப்படைப்பதேயாகும். மேலும், தொற்றில்லை என்று வரும் முடிவும் முழு உறுதி தருவதன்று. நோயுள்ளவர்களிலும் ஒரு பங்கினருக்குப் பரிசோதனை தவறிவிடுவதுண்டு. முடிவு எதுவாயினும் கவசம் அணிந்தே அறுவை செய்யவேண்டியிருக்க, அதற்காகக் காத்திருந்து பெற்ற லாபம் யாதெனத் தெரியவில்லை.

பணியாளரின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது, டொரொன்டோவில் வாய்வழிக் குழல் செலுத்துகையில் உடனிருந்த பணியாளர் சிலருக்கு அந்நோய் தொற்றியது பதிவாகியுள்ளது. 2020-இன் தொடக்கத்தில் கவசங்களுக்கே பஞ்சம் நிலவியது. அறியாத நோய், போதாத கவசம், திறந்த மூச்சுக்குழல் என்ற மூன்றும் சேர்ந்தால் எவரும் தயங்குவர். எனினும் பின்னர்க் கிடைத்த அனுபவம் நம்பிக்கை தருவது. ஸ்பெயின் நாட்டில் மட்டும் 120 மருத்துவமனைகளில் 1,890 கோவிட் நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட மூச்சுக்குழல் திறப்புக்கள் ஒரே தொகுப்பாக வெளியிடப்பட்டன. பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வந்த பல தொகுப்புக்களிலும், முழுக் கவசத்துடன் அறுவை செய்தோரிடையே தொற்று மிக அரிதாகவே காணப்பட்டது. வாய்வழிக் குழல் செலுத்துகையில் எழும் நுண்துளிகளை அளந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்று, சாதாரண இருமலே அதைவிடப் பன்மடங்கு துளிகளை எழுப்புகிறதெனக் காட்டியது. காவலானது கவசமே; காலதாமதமன்று. மாவட்ட மருத்துவமனைகள் கவசப் பெட்டி ஒன்றையும் அறுவைப் பெட்டி ஒன்றையும் சேர்த்துக் கட்டி, எந்த நேரத்திலும் எடுக்கத்தக்கவாறு வைத்திருந்தால் இந்த இக்கட்டின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டு பெட்டிகளின் சாவியும் ஒரே உத்தியோகஸ்தரின் வீட்டில் இருப்பதுதான் அனேக இடங்களில் வழக்கம்!

இரண்டாம் வகைக் காயம் சத்தமின்றி நேர்வது. செயற்கைச் சுவாசக் கருவியுடன் இணைக்கும் குழலின் நுனியருகே ஒரு காற்றுப் பட்டை உண்டு. அதை ஊதிவிட்டால் அது மூச்சுக்குழலின் சுவரோடு ஒட்டி நின்று, காற்று கசியாமலும் எச்சில் உள்ளே இறங்காமலும் தடுக்கும். அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் இருத்தல் வேண்டும். 30-ஐத் தாண்டினால் சுவரின் சளிச்சவ்வில் இரத்த ஓட்டம் குறையத் தொடங்குகிறது; 50-ஐ நெருங்கினால் நின்றுவிடுகிறது. இரத்தமின்றிப் போன சவ்வு புண்ணாகி, புண் குருத்தெலும்பு வரை ஆழ்ந்து, ஆறும்பொழுது தழும்பாகச் சுருங்குகிறது. குழலை எடுத்தபின் தழும்பு மெல்ல மெல்ல இறுகி வழியைக் குறுக்குகிறது. பாஸ்டன் நகரின் ஜோயல் கூப்பர், ஹெர்மீஸ் கிரில்லோ ஆகிய இருவரும் 1969-இல் இதனைத் தெளிவாக நிறுவினர். மென்மையான, அகன்ற காற்றுப் பட்டைகள் பின்னர் வழக்கத்துக்கு வந்தன. அதற்கும் முன்பே, 1921-இல், அமெரிக்க மருத்துவர் ஷெவாலியே ஜாக்சன், கழுத்துத் துளையை மிக உயரத்தில், கிரிக்காய்டு வளையத்தருகே இடுவதே குரல்வளை குறுகுவதற்கு முக்கிய காரணமென எச்சரித்திருந்தார். காரணங்கள் யாவும் தெரிந்தவையே. கொள்ளைநோய் செய்ததெல்லாம், தெரிந்த காரணங்களை ஒரே நோயாளியிடத்தில் ஒன்றுசேர்த்ததுதான்.

கோவிட்-19 நோயாளிகள் பலர் இரண்டு, மூன்று வாரங்கள் வாய்வழிக் குழலுடன் இருந்தனர். குப்புறக் கிடத்தியபோதும் புரட்டியபோதும் குழல் நகர்ந்து சுவரில் அழுந்தியது. நோயினாலேயே சவ்வு வீங்கியிருந்தது. நுரையீரலில் உயர்ந்த அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தவேண்டியிருந்தது; கசிவினால் தொற்று பரவுமென்ற அச்சமும் இருந்தது. 2020-இல் பிரிட்டனில் வெளியான ஒரு முக்கிய வழிகாட்டு நெறி, அவ்வாறு உயர்ந்த அழுத்தத்தில் காற்றூட்டும்போது பட்டையின் அழுத்தம் அதைவிடக் குறைந்தது 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கவேண்டுமெனக் கூறியது. பணியாளரின் பாதுகாப்பை நோக்க அது நியாயமே. ஆனால் காற்றூட்டும் அழுத்தம் 30 ஆகுமிடத்தில் பட்டையின் அழுத்தம் 35 ஆகிவிடும். சவ்வின் கணக்கு வேறு. அளவுமானியின்றி, வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் நசுக்கிப் பார்த்து அழுத்தத்தை மதிப்பிடுவது பல மருத்துவமனைகளின் வழக்கம். விரல் நல்ல அளவுமானியன்று என்பது பலமுறை நிரூபிக்கப்பட்டுவிட்டது.

கழுத்துத் துளைக்கு மாற்றும் காலத்தைப் பற்றியும் அக்காலத்தில் விவாதம் எழுந்தது. முதல் நெறிகள் பதினான்கு நாட்கள், சில இருபத்தொரு நாட்கள் வரை காத்திருக்கச் சொல்லின. அதற்கு அடிப்படையே இல்லை என்று கூறிவிட முடியாது. 2013-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியொன்றில், நான்கு நாட்களுக்குள் துளையிட்டவர்களுக்கும் பத்து நாட்களுக்குப் பின் இடக் காத்திருந்தவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் இறப்பு என்பது ஒரே அளவுகோல் அன்று. பிழைத்தவர் எவ்வாறு மூச்சுவிடுகிறார், எவ்வாறு பேசுகிறார் என்பனவும் அளக்கத்தக்கவையே. இதனை உணர்ந்தே, 2020-இல் ஐரோப்பியக் குரல்வளை மருத்துவச் சங்கம், மூச்சுக்குழல் குறுக்கம் முன்னெப்போதும் கண்டிராத அளவுக்குப் பெருகக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை இந்தியாவைத் தாக்கியபோது, அவ்வெச்சரிக்கையைப் படிக்கும் அவகாசம் எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இருந்திராது.

இங்கே ஊழியரின் பங்கு தொடங்குகிறது. குழலை எடுத்து, நோயாளி மாலையுடன் வீடு திரும்பும்போது மூச்சு நன்றாகவே இருக்கும். இரண்டு வாரத்திலிருந்து சில மாதங்களுக்குள் தழும்பு இறுகுகிறது. குழலின் அகலம் ஏறத்தாழ பாதியாகும்வரை எதுவும் தெரிவதில்லை. பிறகு மாடிப்படி ஏறுகையில் திணறல். அது கோவிட்டினால் வந்த பலவீனமென்று வீட்டார் கூறுவர். பின் மூச்சில் ஓர் ஒலி. அது இழுப்பு என்று அக்கம்பக்கத்தார் கூறுவர். ஆஸ்துமாவுக்குரிய உறிஞ்சு மருந்து தரப்படும், பயன் இராது, மருந்தின் அளவு கூட்டப்படும். சளி சிறிது கட்டியாகத் திரண்டு குறுகிய இடத்தில் சிக்கும் ஓர் இரவில் அவர் இறந்துபோகலாம். இறப்புப் பதிவேட்டில் ஆஸ்துமா என்று எழுதப்படும்.

இழுப்பையும் குறுக்கத்தையும் காதினாலேயே ஓரளவு பிரித்தறியலாம். ஆஸ்துமாவின் ஒலி மெல்லிய சீழ்க்கை போன்றது, மார்பில் கேட்பது, மூச்சை வெளிவிடுகையில் மிகுவது, வருவதும் போவதுமாக இருப்பது. மேல் மூச்சுக்குழல் குறுகியதன் ஒலி கரகரப்பானது; கழுத்தில் உரக்கக் கேட்பது; உள்ளிழுக்கையில் மிகுவது, அல்லது உள்ளிழுக்கையிலும் வெளிவிடுகையிலும் ஒருங்கே கேட்பது; நாளுக்கு நாள் கூடுவதேயன்றிக் குறையாதது. ஸ்ட்ரைடார் என்று மருத்துவர் இதனைக் குறிப்பிடுவர். ஆயினும் ஊழியருக்குப் பெயர் தேவையில்லை. “ஆஸ்பத்திரியில் வாயிலோ கழுத்திலோ குழாய் வைத்திருந்தார்களா?” என்பது ஒரு கேள்வி. “அதற்குப் பிறகு மூச்சிலே சத்தம் வருகிறதா, குரல் மாறியிருக்கிறதா?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், மார்பு நோய் மருத்துவரிடம் மட்டுமன்றி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும். மூச்சு ஒலி அமர்ந்திருக்கையிலேயே கேட்குமாயின் அன்றே அனுப்ப வேண்டும். மார்பின் எக்ஸ்ரே படம் தெளிவாக இருக்கிறதென்று கூறி யாரேனும் திருப்பி அனுப்பினால் அதை ஏற்கலாகாது. சாதாரணப் படத்தில் இக்குறுக்கம் தவறிவிடக்கூடும். உட்காண் குழல் கொண்டு பார்த்தல், கழுத்தின் சி.டி. படம் எடுத்தல் ஆகியவற்றாலேயே உறுதிப்படும்.

இந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் சற்றே மேற்பட்ட ஆஷா பணியாளர்கள் உள்ளனர். கொள்ளைநோய்க் காலத்தில் அவர்கள் வீடுவீடாகச் சென்று ஆற்றிய பணிக்காக 2022 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் அவர்களைக் கௌரவித்தது. கௌரவத்துடன் பதிவேடுகளும் பெருகின என்பது அவர்களே கூறும் குறை. அதில் நியாயமும் உண்டு. ஆகவே இதற்கென மற்றொரு பதிவேட்டைப் புகுத்துவது விவேகமன்று. எந்த வேலைக்காக வீட்டுக்குச் சென்றாலும், மேற்கண்ட இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடலாம்.

ஆசிரியருக்கு இதில் வேறொரு தொடர்பும் உண்டு. செயற்கைச் சுவாசத்திலிருந்து மீண்டவர்களுள் ஆசிரியர்களும் உளர். குழலினால் குரல்நாணில் சதை வளர்ந்தோ, நாணின் அசைவு குன்றியோ குரல் மாறியிருப்பின், வகுப்பில் உரக்கப் பேசிப் பேசியே அதை மேலும் கெடுத்துக்கொள்வது அவர்களிடம் எளிதில் நேரும். சுக்கும் மிளகும் கூடியவரை கைகொடுக்கும். நான்கு வாரத்துக்கு மேல் கம்மிய குரலுக்கு அவை மருந்தல்ல. குரலையே தொழிற்கருவியாகக் கொண்டவர், மற்றவரைக் காட்டிலும் முன்னதாகவே தொண்டையைக் காட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடித்தால் செய்வதற்கு வழியுண்டா என்ற கேள்வி எழலாம், உண்டு. மெல்லிய சவ்வுபோன்ற குறுக்கத்தை உட்காண் குழல் வழியே பலூனால் விரித்தோ, லேசர் கதிரால் அறுத்தோ சரிசெய்கின்றனர். அமெரிக்க மருத்துவர் மாண்ட்கமரி 1965-இல் அறிமுகப்படுத்திய டி வடிவக் குழல், தழும்பு முற்றும் வரை வழியைத் தாங்கி நிற்கிறது; அதை வைத்துக்கொண்டு பேசவும் முடியும். தழும்பு நீண்டதாகவும் உறுதியாகவும் இருந்தால், குறுகிய பகுதியையே வெட்டியெடுத்து, மேல் முனையையும் கீழ் முனையையும் ஒன்றாகத் தைத்துவிடுகின்றனர். வயது வந்தவரின் மூச்சுக்குழலில் ஏறத்தாழ பாதி நீளம் வரை இவ்வாறு அகற்ற முடியுமென்பது கிரில்லோ முதலியோரின் அனுபவம். இவ்வறுவை எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. பெரிய மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்லவேண்டியிருக்கும். அதற்குப் பயணச் செலவும் துணையாளும் வேண்டும். இவற்றுக்கு வழிசெய்யாமல் நோயாளியை மட்டும் அனுப்பிவைப்பது, கடிதத்தை முகவரியின்றித் தபாலில் சேர்ப்பதை ஒக்கும்.

கழுத்துத் துளையுடனேயே வீடு திரும்பியவர்களின் நிலை இன்னும் கவலைக்கிடமானது. உட்குழலை நாள்தோறும் எடுத்துக் கழுவுதல், துளையின்மீது ஈரத் துணி போர்த்திக் காற்றை ஈரப்படுத்துதல், குளிக்கையில் நீர் புகாது காத்தல் ஆகியவற்றை வீட்டாருக்கு ஒருமுறை காட்டினால் போதாது. அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். முகத்தை மூடிய கவசம் இவர்களுக்குக் காவலாகாது. இவர்கள் மூச்சுவிடுவது கழுத்தினால்; தொற்றுக் காலத்தில் இவர்களுக்கும் இவர்களைச் சூழ்ந்தோருக்கும் காவலாக வேண்டுவது கழுத்துத் துளையின் வடிகட்டி மூடியே.

இவையனைத்துக்கும் முன்னதாக ஒரு சிறு காரியம் உண்டு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் சீட்டில் இரத்தப் பரிசோதனைகளும் மருந்துகளும் பக்கம் பக்கமாக இடம்பெறுகின்றன; எத்தனை நாள் குழல் இருந்தது, எந்த அளவுக் குழல், துளையிட்ட நாள் யாது, எடுத்த நாள் யாது என்பன பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆறு மாதம் கழித்து மூச்சொலியுடன் வரும் ஒருவரைப் பார்க்கும் மருத்துவருக்கு, மற்றப் பக்கங்கள் அனைத்தையும்விட அந்த நான்கு விவரங்களே பயன்படுவன. அவற்றை எழுதிக் கொடுக்குமாறு கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சீட்டில் அவை இல்லையென்று கண்டால், மருத்துவமனைக்குத் தபாலட்டை எழுதியேனும் கேட்டுவாங்கி, அந்தச் சீட்டின் பின்புறத்தில் குறித்துவைக்க ஊழியருக்கு ஐந்து நிமிடம் போதும்.